பிரமநாயகி உபயம்

பித்தளைத் தகட்டில் ஒரு பெயர்தான் இருந்தது.

அவர் குனிந்து இன்னொரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

பிரமநாயகி. ஆங்கிலத்தில், பிழையில்லாமல்.

"எம்பேரு எங்கடே?"

மகன் சங்கரன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

போன கோடையில் இதே ஸ்காட்லாந்து ஊருக்கு மனைவி பிரமநாயகியோடு வந்திருந்தார். மகன் லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினான். கலங்கரை விளக்கம். இடிந்த கோட்டை. பாறைமேல் வேலைவெட்டி இல்லாமல் படுத்துக்கிடக்கும் கடல்நாய்கள்.

பிரமநாயகிக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. திருச்செந்தூரில் பார்க்காத கடலா என்றாள். அவர் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போனதற்கு மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அவளுக்குப் பிடித்தவை பெஞ்சுகள்.

கரை நெடுக மரப் பெஞ்சுகள். ஒவ்வொன்றின் சாய்மானத்திலும் ஒரு தகடு, அதில் ஒரு பெயர். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே நடந்தாள். வாயில் நுழையாத பெயர்களையும் விடவில்லை.

உபயம்தான், வேறென்ன. நம் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு கொடுத்தவர் பெயர் இருப்பதில்லையா? வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. பெயருக்குக் கீழே இரண்டு வருஷங்கள் இருந்ததற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. முதலாவது பெஞ்சு கொடுத்த வருஷம். இரண்டாவது பெயின்ட் அடித்த வருஷம்.

மகன் அவரைத் திருத்தவில்லை. அம்மாவின் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

"நம்மளும் ஒரு பெஞ்சு குடுப்போம். உங்க பேரும் எம்பேரும் சேத்துப் போடணும், என்ன?"

சரி என்றார். அவள் கேட்டு, எதிர்ப்பேச்சு பேசாமல் அவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அம்மா ஆசைப்பட்ட பெஞ்சைப் போட்டாயிற்று, வந்து பாருங்கள் என்று மகன் போனில் அழைத்தான். இரண்டு பெயரும் சேர்ந்திருப்பதைப் பார்க்கத்தான் இந்த வயதில் தனியாக விமானம் ஏறினார். அவளுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றாவது நிற்கட்டும் என்று.

இப்போது கோபம் பொங்கியது. அவளை மட்டும் தனியாக எழுதிவைக்க இவன் யார்?

மறுபடி குனிந்தார்.

பெயர் நடுவில் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வருஷங்கள்.

முதலாவது, அவள் பிறந்தது.

இரண்டாவது, போன வருஷம்.

பக்கத்துப் பெஞ்சுக்குப் போய் வாசித்தார். அதற்கடுத்ததற்கும் போனார். அவள் சிரித்துக்கொண்டே வாசித்த பெயர்கள்தான். எல்லாம் செத்துப்போனவர்களின் பெயர்கள்.

அந்தப் பெஞ்சில் வயதான வெள்ளைக்காரி ஒருத்தி, பிளாஸ்க்கோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அவளைத் தெரியும். போன வருஷம் அவள் வந்தபோது அவரும் பிரமநாயகியும் அதே பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். நகர்ந்து உட்காரக்கூடத் தோன்றவில்லை. அவள் புன்னகைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள், இவர்கள் எழுந்திருக்கும்வரை.

இன்று தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தாள்.

அவர் திரும்பி நடந்தார். ஊரில் எரியூட்டியபோதுகூட உறைக்கவில்லை. பிரமநாயகி இல்லை என்பது இந்தக் கடற்கரையில்தான் அவருக்கு உறைத்தது.

சங்கரன் இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின.



கைக்குட்டையை எடுத்து, தகட்டில் படிந்திருந்த உப்பைத் துடைத்தார். முதலில் அவள் பெயரை.

பிறகு, அதன் பக்கத்தில் எழுதாமல் விட்டிருந்த இடத்தையும்.