மூன்றாவது பை

"இந்தப் புளிச்ச மாவை உனக்கு யாருடி கொடுத்தா?"

உள்ளே வந்து உட்காரும் முன்பே சுவில்லா கேட்டுவிட்டாள். துணி தேய்த்துக்கொண்டிருந்த லவீனா, இஸ்திரிப் பெட்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்கக்கா. காபி போடட்டுமா?"

"காபி கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சாப்பிடறப்போ நீ ஒரு லவங்கப்பட்டை ரொட்டி வச்சியே, அது நட்பு ரொட்டிதானே? மாவு எங்கேருந்து வந்துச்சு?"

சுவில்லா, டீக்கன் ஆமோஸின் மனைவி. சபையில் யாராவது தப்புச் செய்தால் வீடு தேடிப் போய் விசாரிப்பது டீக்கனின் வேலை. ஆனால் ஊர் டீக்கனுக்குப் பயந்ததைவிட அவர் மனைவிக்குத்தான் அதிகம் பயந்தது. பெண்களின் தலைத் தொப்பியில் ஒரு மடிப்பு குறைந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"பக்கத்து வீட்டு ஆரீ கொடுத்தாக்கா."

"ஆரீ வீட்டுலேருந்துதான் வர்றேன். அவ கொடுக்கலையாம்."

"அப்போ... பார்பியா இருக்கும்."

"பார்பியையும் கேட்டாச்சு. மாவு என்ன ஆட்டுக்குட்டியா, வழி தப்பி உன் வீட்டுக்குள்ள தானா வர்றதுக்கு?"

மாவுப் பை மேசை மேலேயே இருந்தது. உள்ளே மாவு நுரைத்து, பை உப்பிக் கிடந்தது. சுவில்லா அதை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். நட்பு ரொட்டிப் புளிமாவுக்குக் கோதுமை மாவும் சர்க்கரையும் பாலும் ஊட்டிப் பத்து நாள் வளர்த்து, நாலாகப் பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தவர் இல்லாமல் யார் வீட்டிலும் அந்த மாவு இருக்க முடியாது. இது லவீனாவுக்கும் தெரியும். தெரிந்தும் பொய் சொன்னதை நினைத்து அவளுக்குக் காது சுட்டது.

"பிரிஸ்கில்லா கொடுத்தாளா?"

லவீனா திடுக்கிட்டாள். பிரிஸ்கில்லா இதே சுவில்லாவின் மகள். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை விட்டுப் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். குதிரை வண்டி தவிர வேறெதையும் ஓட்டக் கூடாது என்பது சபைக் கட்டுப்பாடு; அவள் கார்கூட ஓட்டுகிறாளாம். அவளுக்குச் சபை விலக்கு. அவளோடு ஒரே மேசையில் யாரும் சாப்பிடக் கூடாது, அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. வாங்கினவர் சபை முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பிஷப்புக்கு மனசு இரங்காவிட்டால் வாங்கினவருக்கும் அதே விலக்குதான். தன் வீட்டிலேயே, புருஷனும் பிள்ளைகளும் ஒரு மேசையில் சாப்பிட, தான் தனி மேசையில் உட்கார வேண்டிவருமே என்று நினைத்தபோது லவீனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மகளின் விலக்கைச் சபையில் வாசித்த அன்று சுவில்லா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகளின் கவுன்களையெல்லாம் துண்டு துண்டாக வெட்டிப் போர்வை தைத்துவிட்டாள். பெற்ற மகளுக்கே இரங்காதவள், எனக்கா இரங்கப் போகிறாள்?

"கையிலேருந்து வாங்கலக்கா! அவ வேலிக்கம்பத்து மேல வச்சா. வச்சுட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. அப்புறம்தான் நான் எடுத்தேன்."

"ஓ! கம்பம் கொடுத்துச்சாக்கும்."

"பாவம்க்கா அவ. மூணு பேருக்குக் கொடுக்கணும், அந்தப் பக்கம் அவளுக்கு யாரைத் தெரியும்?"

சுவில்லா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் வழியாகப் பாதையை இரண்டு பக்கமும் பார்த்தாள். டீக்கன் வண்டி வருகிறதா என்று பார்க்கிறாளோ?

"அந்தக் கம்பத்துக்கிட்ட வேற யாரெல்லாம் போறா?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. யாரு?"

என்னையும் பிடித்து, என் வாயாலேயே இன்னொருவரையும் காட்டிக் கொடுக்க வைக்கிறாளே என்று லவீனாவுக்கு ஆத்திரம் வந்தது.

"நான் முழங்கால் போடறேன்க்கா. இன்னொருத்தர் பேரைச் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்போ ஒரு ஆள் இருக்கு!" சுவில்லாவின் குரல் உடைந்தது. "அவ கொடுக்கறது மூணு பை, லவீனா. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு..."

அவளால் முடிக்க முடியவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு எனக்கு. நானும் அந்தக் கம்பத்துலேருந்துதான் எடுத்தேன். கோழிக் கூண்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்."

லவீனா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணாவது பை யாருகிட்ட இருக்குன்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்லைடி. அந்த ஆள் என்னைப் பார்த்திருந்தா? வாயைத் திறந்தா? என் வீட்டுக்காரர் என்னையே நிக்க வச்சு விசாரிக்கணும். மகளைப் பறிகொடுத்த மனுஷன், இதையும் தாங்குவாரா? யாருன்னு மட்டும் சொல்லு. அவங்ககிட்ட நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது பை உங்க வீட்டுத் தொழுவத்துலதான்க்கா இருக்கு, குதிரைத் தீவனப் பெட்டிக்குள்ள. ஞாயித்துக்கிழமை என் ரொட்டியைப் பார்த்துட்டு, எப்பெப்போ சர்க்கரை போடணும்னு கேக்க உங்க வீட்டுக்காரர் நேத்து இங்க வந்தாரு. 'சுவில்லாவுக்கு மட்டும் தெரியவே கூடாது, அவ என்னை மன்னிக்க மாட்டா'ன்னு கெஞ்சிட்டுப் போனாரு."