வீட்டில் காத்திருப்பவர்

வெளிநாட்டில் நிறைமாதமாக இருக்கும் மகளைப் பார்க்கப் போக, செங்கமலத்திடம் எல்லாக் காகிதமும் இருந்தது. அவள் திரும்பி வருவாள் என்று நம்பவைக்கத்தான் ஒன்றும் இல்லை. "வீட்ல யாராச்சும் உங்களுக்காகக் காத்திருக்கணும்மா. இல்லாட்டி அங்கயே தங்கிடுவீங்கன்னு விசா தரமாட்டாங்க" என்ற ஏஜென்ட், ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். தையில் இறந்துபோன கணவர் வடமலையின் பெயரை அதிலிருந்து எடுக்க அவளுக்கு இன்னும் மனம் வந்திருக்கவில்லை. "ஐயா உசுரோட இருக்காருன்னே சொல்லிடுங்க" என்றான்.

விண்ணப்பத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். நேர்காணலுக்காக அவள் துணி துவைக்கும்போதும் அரிசி களையும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினாள்: அவருக்குச் சர்க்கரை, கண் சரியாகத் தெரியாது, என் கையால் போட்டால்தான் சோறு இறங்கும். நாளாக ஆகக் குரல் நடுங்குவது நின்றது; சில நேரம் அது பொய் என்பதே மறந்துபோனது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தமிழிலேயே, பரிவோடு கேட்டாள்: "நீங்க அங்க போயிட்டா அவரை யாரும்மா பாத்துக்குவாங்க?"

ஏஜென்ட் இதைச் சொல்லித்தரவில்லை. செங்கமலம் கண்ணாடிக்கு அடியில் கையை நுழைத்து, பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாருமில்லம்மா" என்றாள். "நான் போகல."