பட்டியலில் இரண்டாவது பெயர்

அவள் கணினியில் கட்டளையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

பட்டியல் வந்தது. முப்பத்தெட்டு வரிகள்.

திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். அந்தப் பட்டியலைத் தரும் கருவியைச் செய்தவள், பக்கத்து மேசை நஸ்ரின். அரட்டைச் செயலியில் உள்ள ஒரு சேனலின் பெயரைக் கொடுத்தால், அதைப் பின்தொடர்கிறவர்கள் அத்தனை பேரையும், எப்போது வாசித்தார்கள் என்பதோடு வரிசையாகக் காட்டும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுவது இவள் வேலை.

தானே செய்து பார்க்காத எதையும் அவள் எழுதுவதில்லை. அவள் எழுதினால் யாருக்கும் புரியும். அது அவளுக்கே தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு சேனல் வேண்டியிருந்தது. அடுத்தவருடையதை எடுக்க மனமில்லை. தன்னுடையதையே கொடுத்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு, ஒரு கணினிச் சொல்லை எளிய தமிழில் விளக்குவாள் அதில். யார் யார் வாசிக்கிறார்கள் என்று அதுவரை அவள் பார்த்ததில்லை.

முதல் பெயர் அவளுடையது.

இரண்டாவது, சங்கரபாண்டியன், தென்காசி.

சேர்ந்த நாள்: சேனல் தொடங்கிய நாள்.

கடைசியாக வாசித்தது: இன்று காலை 6.04.

வாசிக்காத குறிப்புகள்: இல்லை.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். "யாரு இது, அக்கா? ஒருநாள்கூட விடலயே."

"எங்கப்பா."

நஸ்ரின் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியும்.

பஸ் கண்டக்டராக முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர் அப்பா. மகளுக்கு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவள் அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். அங்கே போய் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டார். விளக்கினாள். புரியவில்லை என்றார்.

அதோடு பேச்சு நின்றது. ஊருக்குப் போனால், அவள் உள்ளே வரும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவார்.

கூப்பிட்டுப் பேசிவிடலாமே என்று நஸ்ரின் மெல்லச் சொன்னாள்.

அவள் தலையசைத்து மறுத்தாள். அவர் சொல்லிக்கொண்டு வரவில்லை. சத்தமில்லாமல் வந்து படித்துவிட்டுப் போக அவருக்கு உரிமை உண்டு.

கருவிதான் காட்டிக்கொடுத்துவிட்டது.

உதாரணப் பட்டியலில் எல்லாப் பெயர்களையும் மாற்றினாள். முப்பத்தெட்டும் கற்பனைப் பெயர்கள். பிறகு, பக்கத்தின் உச்சியில் இரண்டு வரி எழுதினாள்.

'இந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு, நீங்கள் பார்ப்பது தெரியாது. அவர்களாகச் சொல்லும்வரை உங்களுக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.'

கருவியின் விளக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று மேலாளர் கேட்டார். முதல் படியே இதுதான் என்றாள். குரல் உயரவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

மறுநாளைக்கான குறிப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது.

அதை ஒதுக்கி வைத்தாள்.

போன தீபாவளிக்கு, அப்பா போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கியதைப் பார்த்திருக்கிறாள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தாள்.

காலை ஆறு மணிக்குப் புதியதைப் போட்டாள். போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி. நான்கு படிகள்.

பார்த்தாரா என்று பட்டியலைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அவள் திறக்கவில்லை. குளித்தாள். இட்லி ஊற்றி வைத்தாள்.

ஏழரைக்கு அம்மா அழைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். அங்கே மழை உண்டா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் இழுத்தாள்.

"இங்க ஒருத்தரு சொல்லுதாரு... மூணாவது படியில என்னமோ விட்டுப்போச்சாம். பழைய போன்ல அப்படி வராதாம்."

போனில் கேட்டுக்கொண்டிருந்த டிவிச் சத்தம் நின்றது.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"இருக்கும்மா. என் போனு புதுசு. அதுல என்ன வருதுன்னு பாத்துச் சொன்னா, திருத்திப் போட்டுருவேன்."

அம்மாவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் ஒரு காகிதத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

அந்தப் பக்கம், போன் கை மாறும் சத்தம் கேட்டது.