ஒரு சொம்புக் கடல்

வண்ணமீன் கடை தன்ராஜ்தான் குமுதவல்லியின் வீட்டுக் கூடத்தில் அந்தச் சின்னக் கண்ணாடித் தொட்டியை வைத்துக் கொடுத்தான். அடியில் பவளத் துண்டுகள், ஓரத்தில் மோட்டார், மேலே நீல விளக்கு. பாக்கெட் உப்பைக் கரைத்தால் போதும் என்றான். அவளோ கடல்நீர்தான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். மகன் இனியன் குளிக்கப் போன கரையிலிருந்தே ஆட்டோவில் மூன்று கேன் கொண்டுவந்தாள். இனியனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மூன்று மாதத்தில் ஆரஞ்சு மீன்கள் இரண்டும் செத்து மிதந்தன. பவளம் வெளுத்துப்போயிருந்தது. தன்ராஜ் வந்து, தொட்டியின் விளிம்பில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தான்.

"தண்ணி குறைஞ்சா என்னம்மா ஊத்துனீங்க?"

"அதே கடல் தண்ணிதாம்பா. தினம் காலையில ஒரு சொம்பு."

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாம்மா. உப்பு எங்கயும் போவாது, உள்ளயே ஏறிக்கிட்டு இருக்கும். நல்ல தண்ணியில்ல ஊத்தணும்?" அவன் குழாயை எடுத்தான். "எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்லேர்ந்து பண்ணிரலாம்."

குமுதவல்லி தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். முதுகில் கண்ணாடி சில்லிட்டது.

"மீன எடுத்துட்டுப் போப்பா," என்றாள். "தண்ணி இருக்கட்டும்."