உள்தாழ்ப்பாள்

காப்பகத்தில் வளர்ந்தவள், பதினெட்டு முடிந்து இன்றுதான் இந்த ஒற்றை அறைக்குத் தனியாகக் குடிவந்திருக்கிறாள். கொண்டுவிட வந்தவள் காப்பகத்தில் வேலை பழகுகிற பெண். அந்தி மங்குகிறது, கொண்டுவிட வந்தவள் கிளம்பச் செருப்பை மாட்டுகிறாள். "அக்கா, இந்தாங்க சாவி." குடிவந்தவள் கையை நீட்டுகிறாள். "வெளியே பூட்டிட்டுப் போங்க. அங்க வார்டன் பூட்டுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்." "அடி மகாராணி, இது உன் வீடு! நீயே உள்ளே தாழ்ப்பா போட்டுக்கோ." தொடங்கிய சிரிப்பு இருவருக்கும் பாதியிலேயே நின்றுபோகிறது. சாவியை அவள் கைக்குள்ளேயே வைத்து விரல்களை மடித்துவிட்டு, வேலை பழகுகிறவள் வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள். படியிறங்காமல், தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். சத்தம் வரவில்லை. கதவடியில் கசியும் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல், பூட்டுக்காகக் காத்து, அசையாமல் நிற்கிறது.