கடலில் போட்ட கோடு

கடலே இல்லாத கோயம்புத்தூரில், அவிநாசி ரோட்டு அலுவலகம் ஒன்றின் மூன்றாம் மாடியில், மேசை கொள்ளாமல் ஒரு கடல் விரிந்து கிடக்கிறது. ஃபேன் காற்றில் சுருளப் பார்க்கும் அந்த வரைபடத்தின் மூன்று மூலைகளுக்கு டீ கிளாஸ்கள் பாரம். நான்காவது மூலைக்குச் சண்முகப்பிரியாவின் ஆய்வறிக்கை; இரண்டு வருஷம் அந்தக் கரையிலேயே கிடந்து எழுதியது, இன்னும் யாரும் பிரிக்கவில்லை. ஜன்னல் வெயில் நீலத்தின் மேல் சாய்ந்திருக்கிறது. திட்ட அதிகாரி பாலுசாமி பல்லடத்துக்காரர். ஸ்கேலை வைத்து, தோட்டங்காட்டுக்கு வேலி போடுகிற மாதிரியே கோடு இழுக்கிறார்: இந்தப் பக்கம் விசைப்படகு, அந்தப் பக்கம் நாட்டுப்படகு. நாளைக்கு இது சென்னைக்குப் போகிறது. கையெழுத்தாகிவிட்டால் கோடுதான் சட்டம். "மீன் கோட்டைப் பாத்து நிக்காதுங்க சார்," என்கிறாள் சண்முகப்பிரியா. "அப்பறம் எப்படித்தான் பிரிக்கறதுங்க அம்மணி?" பென்சில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். "ஏனுங்க சார், உங்க தோட்டத்துக் கெணறு பங்குக் கெணறுதானுங்களே?" "ஆமாங்க. மூணு பங்காளிக. ஆளுக்கு ரெண்டு நாள் முறை." "கெணத்துக்குள்ள வேலி போட்டிருக்கீங்களா?" பென்சில் நிற்கிறது. "அந்த ரெண்டு படகுக்காரங்களும் நாள் மாத்தித்தானுங்க கடலுக்குப் போறாங்க. மொதப் பக்கத்துலயே எழுதிருக்கறனுங்க." பாலுசாமி ஸ்கேலை வைத்துவிட்டு, கை நீட்டி அறிக்கையை எடுக்கிறார். பாரம் போன மூலை துள்ளிச் சுருண்டு வந்து, அவர் போட்ட கோட்டை மூடிக்கொள்கிறது.