ஒரு நூல் கூடுதல்

ஆறு தோட்டாக்களில் இரண்டு வெடித்து முடிந்த பிறகே யூனுஸ் மதுக்கரைத் துப்பாக்கி சுடும் திடலின் கயிற்றருகே மூச்சிரைக்க வந்து நின்றார்.

தாமதமாகிவிட்டது.

செய்தித்தாளில் பொதிந்த சரியான பிடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. தவறான பிடியோ திடலின் நடுவே, உதவி ஆய்வாளர் செவ்வந்தியின் ரிவால்வரில் இருந்தது.

கயிற்றுக்கு அப்பால் நின்ற ஆயுதக் கிடங்குக் காவலர் ஜெரோம் புருவத்தை உயர்த்தினார். யூனுஸ் பையைத் தொட்டுக் காட்டினார். ஜெரோம் உதட்டில் விரலை வைத்தார். சுடத் தொடங்கியவரை இடையில் நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

செவ்வந்திக்கு இது மூன்றாவது தேர்வு. முந்தைய இரண்டிலும் தோற்றிருந்தார். இன்று ஆறில் நான்கேனும் வட்டத்துக்குள் விழாவிட்டால், களப்பணி பறிபோய்த் தபால் பிரிக்கும் மேசைக்கே அவர் திரும்ப வேண்டும்.

துப்பாக்கி கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்று அவர் சொன்னபோது நிலையத்தில் ஒருவரும் வியப்படையவில்லை. பெண்ணின் கைக்கு அது பெரிது என்றே எல்லோரும் சொன்னார்கள். பிடியை மட்டும் மெலிதாக்கிக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி வந்தது. ஒற்றைத் திருகாணியைக் கழற்றினால் பழைய பிடி இரு பாதிகளாகப் பிரியும். அவற்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு செவ்வந்தியும் ஜெரோமும் உக்கடத்தில் உள்ள யூனுஸின் பட்டறைக்கு வந்தார்கள்.

யூனுஸ் பேட்டர்ன் செய்பவர். பம்புசெட்டுகளை இரும்பில் வார்ப்பதற்கு முன் அவற்றின் உருவத்தை மரத்தில் செய்து கொடுப்பது அவர் தொழில். ஈட்டி மரத்தில் ஒரு பிடி அவருக்குப் பெரிய காரியமன்று. கைக்கு அளவெடுப்பதுதான் பெரிய காரியமாயிற்று. அந்நியப் பெண்ணின் கையைத் தொட்டு அளக்க மனம் ஒப்பவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் கூச்சம். அளவைத் தாமே பார்த்துக்கொள்வதாகத் தரையை நோக்கியே சொல்லி அனுப்பிவிட்டார்.

ஓர் அளவும் கிடைத்தது. அதில் பிழை இல்லை என்று உறுதியாக நம்பி, பிடியைச் செய்து கொடுத்தனுப்பியும் விட்டார்.

பிழை இன்று காலைதான் கண்ணில் பட்டது. வரைந்து வைத்திருந்த பலகையில் ஒரு சிவப்புக் கோடு. வார்த்த இரும்பை லேத்தில் கடையும்போது சிறிது தேய்ந்துபோகும் என்பதால், பேட்டர்ன் செய்பவர்கள் கடையும் பக்கத்தில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடுதலாக விட்டுச் சிவப்பில் குறிப்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம். கை தானாகவே கோட்டைப் போட்டிருந்தது. யாரும் கடையப் போகாத மரப்பிடி, இரு பக்கமும் ஒவ்வொரு நூல் தடித்துப் போயிருந்தது. மெலிய வேண்டியது, பழைய பிடியைவிடப் பருத்துவிட்டது.

அவசரமாக வேறொன்றைச் செதுக்கி எடுத்துக்கொண்டு பேருந்தேறினார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

மூன்றாவது தோட்டா வெடித்தது.

“ஏனம்மணி செவ்வந்தி,” என்று ஆய்வாளர் பாலுசாமி நாற்காலியில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தார். “இன்னைக்காச்சும் குண்டு மதுக்கரைக்குள்ள உழுகுமா, இல்ல போன தடவையாட்டப் பாலக்காட்டுல போய்த் தேடோணுமா?”

சிரிப்பு எழுந்தது. செவ்வந்தி திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு. ஐந்து.

யூனுஸ் கண்களை மூடிக்கொண்டார். இறைவா, என்னுடைய பழக்கத்துக்காக இந்தப் பிள்ளையைத் தண்டித்துவிடாதே.

ஆறு.

ஜெரோம் நடந்து சென்று இலக்கு அட்டையைக் கழற்றினார். வரும் வழியில் நின்று ஒருமுறை எண்ணினார். நம்பிக்கை வராமல், விரலை வைத்து மறுமுறையும் எண்ணினார்.

“ஆறும் உள்ளதானுங்கய்யா!”

ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். அட்டையை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஆறு துளைகளின் வழியே வந்த வெளிச்சம் அவர் முகத்தில் ஆறு புள்ளிகளாக விழுந்தது. அவரும் வேறு வழியின்றிக் கைதட்டினார்.

செவ்வந்தி ரிவால்வரை ஜெரோமிடம் ஒப்படைத்துவிட்டு நேராகக் கயிற்றருகே வந்தார்.

“ஏனுங்க பாய், நீங்களே வந்துட்டீங்களா? உங்க பிடி கையோட ஒட்டிக்கிச்சுங்க. துளி அசையலீங்க!”

யூனுஸ் தலையைக் குனிந்தவாறே பொதியை நீட்டினார். “தப்புப் பண்ணிப்போட்டேனுங்க அம்மணி. அது ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் தடிச்சுப்போச்சு. இதுதானுங்க சரியான அளவு.”

செவ்வந்தி பொதியைப் பிரித்து, இரு பாதிகளையும் சேர்த்து வலக்கையால் பற்றினார்.

யூனுஸ் அப்போதுதான் முதன்முறையாக அந்தக் கையைப் பார்த்தார்.

மண்வெட்டி பிடித்தும் கிணற்றில் நீர் இறைத்தும் வளர்ந்த கை. யூனுஸின் கையைவிட ஒரு விரற்கணு நீளம், அகலமும் அதற்கேற்றபடி. சரியான அளவில் செய்த பிடி அந்தக் கைக்குள் தீப்பெட்டியைப் போல் மறைந்துவிட்டது.

ரிவால்வர் அந்தக் கைக்கு ஒருநாளும் பெரிதாக இருந்ததில்லை.

செவ்வந்தியும் தம் கையைப் புதிதாகப் பார்ப்பவர் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாரும் பெருசு பெருசுன்னாங்க. நானும் நம்பிப்போட்டேனுங்க.” பிறகு கேட்டார்: “சரி, இது யாரு கை அளவுங்க பாய்?”

யூனுஸ் மீண்டும் தரையைப் பார்த்தார்.

“எங்க ஊட்டுக்காரிதுங்க. ஆமினா கரண்டி பிடிச்சிட்டிருக்கறப்ப அளந்தேனுங்க.”

திடல் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி செவ்வந்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பிடியைச் செய்தித்தாளில் பழையபடி பொதிந்து அவரிடம் நீட்டினார்.

“அப்ப இதை அவங்களுக்கே குடுத்துருங்க. லைசென்சுக்கு நான் சிபாரிசு பண்றேன்.”